பொய்யென்று சொல்லப் போனேன்

மூன்று வருடங்களுக்கு முன்னர், வைகாசி வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை, பருத்தித்துறையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் நடந்தது இது. அன்று காலை பஸ் ஏறும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது. முந்திய கிழமை முழுவதும் விடைத்தாள் திருத்திய அலுப்பு ஒருபக்கம், முழங்கால் வலி இன்னொரு பக்கம். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டு, உனக்கு ஏன் இந்த அலைச்சல் என்று என்னையே ஏசிக்கொண்டுதான் போனேன்.

நான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பிப்பவள். மெய்யியல் என்று சொன்னால், யோகாசனமா என்று கேட்பவர்களும் உண்டு. அதைச் சமாளித்துவிடலாம். என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று அடுத்ததாகக் கேட்பார்களே, அங்கேதான் சிக்கல். மறுபிறப்பு, ஆவி, நடக்கப்போவதைக் கனவில் காண்பது என்று ஆட்கள் சொல்லுகிற விஷயங்களில் உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று தேடுவதுதான் என் வேலை. பாடப்புத்தகத் தமிழில் இதற்கு அதீத உளவியல் என்று பெயர். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பேய் மிஸ்'. கூட வேலை செய்பவர்கள் தேநீர் நேரத்தில், "இண்டைக்கு ஆவியள் சுகமோ?" என்று விசாரிப்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

வீட்டிலும் பகிடிதான். நாங்கள் மிஷன் பள்ளிக்கூடங்களில் தலைமுறையாகப் படித்துப் படிப்பித்த வேதக்காரக் குடும்பம். உயிர்த்தெழுதல் உண்டு, மறுபிறப்புக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை பேய் பிடிக்கப் போகிறாய் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவார்.

உண்மையைச் சொன்னால், நான் ஒரு பேயையும் பிடித்ததில்லை. கூரையில் கல் விழுகிறது, பேய் எறிகிறது என்று எத்தனையோ வீடுகளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் இரண்டு நாள் இருந்து பார்த்தால் முக்கால்வாசியும் வேலிச் சண்டையில் போய் முடியும். எல்லை வேலியின் கதியால் தடியை ஒரு முழம் தள்ளி நட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டுப் பேய் கல்லெறியும். இப்படியே ஒவ்வொன்றாகப் பொய்த்துப் போனாலும் நான் விடவில்லை. இவ்வளவு பேரைப் பறிகொடுத்த மண்ணில், செத்தபிறகு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது வகுப்பறைக் கேள்வி மட்டும் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் அதைக் கேட்டார்கள். ஒரேயொரு நல்ல சாட்சி கிடைத்தால் போதும் என்று நானும் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கையில்தான் அளவெட்டியில் ஒரு குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். தவில் வாசிக்கும் ஒருவரின் மகள். நாலு வயதுச் சின்னக்குட்டி. தான் முந்திப் பெடியனாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் போய் நிலத்தில் அவளோடு இருந்தேன். கேள்வி கேட்டுக் குழந்தையின் வாயில் பதிலைத் திணிக்கக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அதனால் அவள் விளையாட விளையாட, தானாக என்ன சொல்லுகிறாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கடை வீடு கடலுக்குப் பக்கத்திலை. அங்கை மஞ்சள் வள்ளம் நிக்கும்" என்றாள். ஒருநாள் தன் வலது காலைக் காட்டி, "மட்டிச் சிப்பி வெட்டினது" என்றாள். அந்தக் காலில் ஒரு கீறலும் இல்லை. தான் திருக்கை மீன் சாப்பிடமாட்டேன் என்றாள். அந்த வீட்டில் திருக்கை வாங்குவதே இல்லையாம். இன்னொரு நாள் பொம்மையை அணைத்தபடி, "ஹெலி வந்தா நான் பங்கருக்குள்ளை ஓடிடுவன்" என்றாள். சண்டை முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பிறந்த குழந்தை அது. ஹெலிகொப்டருக்குப் பயந்து பதுங்கும் பங்கர் என்ற பள்ளத்தை அவள் கண்ணால் கண்டிருக்க வழியே இல்லை.

பெற்றோர் பாவம், அவர்களுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, கடலடி வீட்டு அம்மாவிடம் போகவேண்டும் என்று அழுகிறாள். பருத்தித்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் வியாபாரி ஒருவர்தான் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, இது எங்கள் ஒழுங்கையில் இருந்த இன்னாருடைய மகன்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த மகன் கடைசிச் சண்டையில் காணாமற் போனவர். வியாபாரி அன்று பின்னேரமே ஊருக்குப் போய், அந்தத் தாயிடமும் சொல்லிவிட்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு பக்கமும் கலந்து பேசிவிட்டால் எந்த ஆராய்ச்சியும் கெட்டுப் போகும். நல்லவேளையாக இரண்டு குடும்பமும் இன்னும் சந்திக்கவில்லை. நான் உடனே கட்டுப்பாடு போட்டேன். அந்தத் தாயைப் பற்றி, அவர் வீட்டைப் பற்றி, ஒழுங்கையைப் பற்றிக் குழந்தையின் வீட்டில் ஒருவரும் கதைக்கக்கூடாது, விசாரிக்கவும் கூடாது. தகப்பனைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பருத்தித்துறையில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்களா, கொண்டான் கொடுத்தான் உறவு உண்டா, தெரிந்தவர்கள் யாராவது? எங்கள் பக்கத்தில் ஒரு செய்தி ஊர் தாண்டுவதென்றால் சொந்தத்தின் வழியாகத்தான் தாண்டும். அவர் யோசித்துப் பார்த்து, "ஒருத்தரும் இல்லை மிஸ். சத்தியமா" என்றார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்ததாகப் பருத்தித்துறைக்குப் போனேன். மறுபிறப்பு வீடுகள் எனக்குப் பழக்கம். செத்த பிள்ளை திரும்பி வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் தாய்மார் வாசலிலேயே காத்திருப்பார்கள், ஓம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேனா என்று என் வாயைப் பார்ப்பார்கள். இந்தத் தாய் அப்படி இல்லை. கிணற்றடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். நான் யாரென்று சொல்லி முடிக்குமுன்னே கும்பிட்டார்.

"ரீச்சர், நீங்கள் படிச்சனீங்கள். உது பொய்யெண்டு சொல்லிப்போடுங்கோ."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. மகன் இன்னொரு வயிற்றில் பிறந்துவிட்டான் என்றால், அவன் செத்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? அத்தனை வருடமும் அவர் மரணச் சான்றிதழை வாங்க மறுத்திருந்தார். மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரப் போராட்டப் பந்தலில், காணாமற் போன பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு இருந்து வந்தார். படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை. இப்போது மீன் வியாபாரி வந்து ஒரே பேச்சில் பிள்ளையைச் சாகடித்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த அம்மாவின் அண்ணர் கூடத்தில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தங்கச்சி படும் பாட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். "பிறந்திட்டான் எண்டா இனி என்ன ரீச்சர்? கீரிமலையிலை அந்தியேட்டியைச் செய்துபோட்டால் இவளும் ஒருநேரம் ஆறுதலா இருந்து சாப்பிடுவாள். ஐயரிட்டையும் சொல்லிப்போட்டன்" என்றார். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கடற்கரையில் செய்யும் கிரியை அது. அதைச் செய்துவிட்டால் கணக்கு முடிந்தது.

ஆக, எல்லாம் என் சொல்லில் வந்து நின்றது. நான் உண்மை என்றால் அந்தியேட்டி. பொய் என்றால் அவர் இன்னும் காத்திருக்கலாம். எனக்கோ அது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசை. மறைப்பானேன், அப்படித்தான் இருந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் மூடிய பங்கரின் பள்ளம் கிடந்தது. மகன் கடலுக்குப் போன வள்ளம் மஞ்சளா என்று கேட்டேன். தாய் ஓம் என்றார். திருக்கை? அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் வாங்குவதே இல்லை என்றார். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு அடித்தது, அவருக்கு முகம் செத்துக்கொண்டு வந்தது. அன்றிரவு வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை இல்லை. என் வாழ்நாள் சாட்சி கிடைக்கப் போகிறது என்ற சந்தோஷத்தைச் சந்தோஷமாகக்கூட அனுபவிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை. குழந்தையை அழைத்து வந்து, தாயை அயல் பெண்களுக்கு நடுவில் இருத்தி, அவள் யாரிடம் போகிறாள் என்று பார்ப்பது திட்டம். எந்த ஊர் என்பதைத் தவிர வேறொன்றும் தகப்பனுக்குச் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னேன். வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார்கள். அம்மா இல்லாமல் வரமாட்டேன் என்று குழந்தை அடம்பிடித்ததால் அவளுடைய தாயும் கூட வந்திருந்தார். நான் முன்னே நடந்தேன்.

ஒழுங்கை முகப்பில் ஒரு கோயில். அதைக் கண்டதும் குழந்தையின் தாய் நின்றுவிட்டார்.

"மிஸ், உதிலைதானே நாங்கள் திருவிழாவுக்கு வந்து நிண்டனாங்கள்!"

"எந்தத் திருவிழா?"

"இவர் உந்தக் கோயிலுக்குத் தவில் வாசிக்க வந்தவர். பிள்ளைக்கு அப்ப ரெண்டரை வயசிருக்கும். வீட்டிலை தனிய நிக்கப் பயத்திலை நாங்களும் கூட வந்தனாங்கள். ஆம்பிளையள் கோயில் மடத்திலை படுத்தவை. எங்களை ஒரு அம்மா தன்ரை வீட்டிலை வந்து படுக்கச் சொன்னவ. உந்தா, அந்தச் சிவத்தக் கேற் வீடு."

நான் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்ததும் அந்த வீட்டுக்குத்தான்.

தகப்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் கோயிலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நீங்கள் சொந்தக்காரர் இருக்கினமோ, தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ எண்டெல்லோ கேட்டனீங்கள்? எங்களுக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லைத்தானே. இது வேலைக்கு வந்த இடம். வருசத்திலை எத்தினை கோயில் ஏறி இறங்கிறம், அதிலை பொம்பிளையள் எந்த வீட்டிலை படுத்தவை எண்டு ஆர் பார்த்தது?" அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மேளக்காரர் திருவிழாவுக்குப் போவதை ஊருக்குப் போவதாக யாரும் எண்ணுவதில்லை. நானும் எங்கள் ஆட்களின் வழக்கப்படி யாருடைய சொந்தம் என்று மட்டும் துருவித் துருவிக் கேட்டேனே தவிர, வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவரும் கதைக்கக்கூடாது என்று நான் போட்ட கட்டுப்பாடுதான் இந்தப் பேச்சு அவர்கள் வீட்டுக்குள் எழாமலும் பார்த்துக்கொண்டது.

சோதனையை நிறுத்திவிட்டு ஆறுதலாக யோசிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் குழந்தை தாயின் கையை உதறிவிட்டு ஓடிவிட்டாள். சிவப்புக் கேற்றுக்குள் நுழைந்து, விறாந்தையில் இருந்த பெண்களை எல்லாம் தாண்டி, ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றாள். "அம்மா" என்றாள்.

பொய்யென்று சொல்லும்படி என்னைக் கும்பிட்டவர், குழந்தையை வாரி எடுத்து, உச்சியை முகர்ந்து, வாய்விட்டு அழுதார். அயல் பெண்களும் அழுதார்கள். அண்ணர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கேற்றடியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் அழாமல் நின்றோம். குழந்தையின் தாய் என் காதருகில், "சொல்லுவமோ மிஸ், விடுவமோ?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கணம் மாதிரி ஒரு களைப்பு வாழ்க்கையில் வந்ததில்லை. வாயை மூடிக்கொண்டால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும். எனக்குச் சாட்சி, அண்ணருக்கு நிம்மதி, அந்த அம்மாவின் மடியில் ஒரு பிள்ளை. ஆனால் அடுத்த கிழமை கீரிமலையில், செத்தானோ இல்லையோ தெரியாத ஒருவனுக்குப் பிண்டம் வைப்பார்கள். அதை என் வாயால் செய்விக்க எனக்கு மனம் வரவில்லை. போய்ப் பக்கத்தில் இருந்து, மெதுவாகச் சொன்னேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் தாயை உற்றுப் பார்த்தார்.

"நீ அந்த மேளக்காரற்றை பெஞ்சாதி எல்லோ? பிள்ளை அப்ப மெலிஞ்சு நோஞ்சானாக் கிடந்தது. நான்தானே புட்டுக் குழைச்சுத் தீத்தினனான். கதை சொன்னாத்தான் வாய் திறப்பாள்."

"என்ன கதை அக்கா சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கு வேறை என்ன கதை தெரியும், ரீச்சர்?"

பிறகு அவரே சொன்னார். புதிதாக யார் வந்தாலும் மகனின் கதையைச் சொல்லுவார். காலில் மட்டி வெட்டிய தழும்பு, திருக்கை ஒத்துக்கொள்ளாதது, ஹெலிக்குப் பயந்து பங்கருக்குள் ஓடுவது, மஞ்சள் வள்ளம் எல்லாம் சொல்லுவார். பந்தலில் இருக்கும் தாய்மார் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். கேட்டவர்களில் யாராவது ஒருவர், இப்படி ஒரு ஆளை நான் ஒரு தடுப்பு முகாமில் கண்டேன் என்று சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசை. அடையாளம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், புட்டு ஊட்டும்போதும் குழந்தைக்கு அதையே சொல்லியிருக்கிறது. சின்னப் பிள்ளைக்குக் கேட்டது எது, தனக்கு நடந்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வீட்டுக்குப் போய், புட்டுத் தீத்திய அம்மாவையும் அந்தக் கதையையும் சேர்த்துத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். அவ்வளவுதான் விஷயம்.

"உவள் அவன் இல்லை. சரி. ஆனா உவளுக்கு எண்டாலும் அவனைத் தெரியுதே" என்று சொல்லிக் குழந்தையின் கன்னத்தைத் தடவினார். பிறகு எழும்பி, அண்ணரைப் பார்த்து, "அண்ணை, ஐயரிட்டை வேண்டாமெண்டு சொல்லு. என்ரை பிள்ளை சாகேல்லை" என்றார். அண்ணர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தபடி வெளியே போனார். தோற்றுப்போன மனிதரின் நடை அது. எனக்கு அவர்மேல் மிகவும் இரக்கம் வந்தது.

அந்த அம்மா அடுப்பை மூட்டி எல்லோருக்கும் தேநீர் தந்தார். குழந்தைக்குப் புட்டைத் தன் கையாலேயே தீத்தினார், அவளும் கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டாள். நான் என் மனதில் வேலை முடிந்தது என்று எழுதிவிட்டேன். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு என் சாட்சி போய்விட்டது, அந்தத் துக்கத்தை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

கேற்றடி வரைக்கும் கூடவே வந்தவர், என் கையைப் பிடித்தார்.

"ரீச்சர், உவளுக்குள்ளை அவன் இல்லையெண்டு கண்டுபிடிச்சுப்போட்டியள். நல்லம். அப்ப அவன் எங்கை?"

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. புலம்பவும் இல்லை. டொக்டரிடம் மருந்து கேட்பதுபோல, தெரிந்தவரிடம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டார். ஒரு இடத்தில் இல்லை என்று இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்தவளுக்கு, இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் கதைப்பவள் நான். "தெரியேல்லை அக்கா" என்று அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. "ஓம்... உங்களுக்கும் தெரியேல்லை" என்றார். கையை விட்டார். "வெயிலுக்குள்ளை களைச்சுப் போனியள். பஸ்ஸிலை இடம் பிடிச்சு இருந்து போங்கோ" என்றார்.

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. அச்சுவேலி தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நீட்டினார். எங்கள் ஊர் பஸ்களில் அழுகிறவர்களிடம் காரணம் கேட்கும் வழக்கம் இப்போது குறைந்துவிட்டது.

அந்தக் குழந்தையைப் பற்றி நான் கட்டுரை ஒன்றும் எழுதவில்லை. அவளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது, பெடியனாக இருந்த கதையெல்லாம் மறந்துவிட்டாளாம். மாணவர்களுக்கு நான் இன்னும் பேய் மிஸ்தான். ஒரு கூற்றுப் பொய் என்று எப்படி நிறுவுவது என்று முதலாம் வருடத்துக்கு இன்னும் படிப்பிக்கிறேன், படிப்பித்து முடிக்கும்போது வாய் கசக்கிறது. ஓய்வு நாட்களில் முழங்கால் இடம் கொடுத்தால் பருத்தித்துறை பஸ் ஏறுகிறேன். கிணற்றடியில் இருந்து அந்த அம்மா மீன் வெட்டுவார், நான் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். நாங்கள் விலைவாசியைப் பற்றிக் கதைப்போம், முழங்காலுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கதைப்போம், இடையில் எப்போதாவது அவர் கத்தியை நிறுத்திவிட்டு, "எங்கை ரீச்சர் இருப்பான்?" என்று கேட்பார். என்னிடம் பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கேட்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும், எழும்பிப் போகாமல் இருந்து கேட்கத் தெம்பு உள்ளவரை அந்த ஆள் நானாக இருக்கட்டும் என்றுதான் போய் வருகிறேன்.